கூதிர்காலப் பயிர்க்காவல்

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலையுதிர்காலத்தைப் பற்றி இயற்றிய பாடலை நம் கல்லூரியிற் பயிலாதார் சிலரே. கனி முதிர்தலும், கதிர் அரிதலும், களஞ்சியம் நிறைதலும் அக்காலத்தின் அடையாளங்களாக அப்பாடலிற் பேசப்படுகின்றன. அதனைத் தமிழ்நாட்டு மாணவன் ஒருவன் தன் ஊரை நினைந்து படிக்கப் புகுவானாயின் ஓர் இடர்ப்பாடு நேரும். இங்கிலாந்தில் அறுவடை ஒழிந்து அடுத்த கோதுமைக்கு நிலம் உழப்படும் அந்நாள்களில், நம் வயல்களில் நெல் முழங்கால் உயரமே நிற்கின்றது. அங்கே உழவன் ஓய்ந்து அமரும் காலம், இங்கே அவன் உறக்கம் ஒழியும் காலம். தொல்காப்பியத்திற்கு உரை கண்டோர் ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் வகுத்தனர். அகப்பாட்டிற் கூதிரைத் தலைவனும் தலைவியும் கூடும் இரவுக்கு உரியதாகவே நாம் வகுப்பிற் கேட்டிருக்கின்றோம். வயலில் அஃது எதற்கு உரியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எம்மூர் மாங்காடு. சிலப்பதிகாரத்திற் கோவலனுக்கு மதுரைக்கு வழி கூறிய மாங்காட்டு மறையோனை நண்பர் பலர் எம்மூரான் என்றே கருதி என்னை வாழ்த்துவதுண்டு. அவ்வாழ்த்தை ஏற்க எனக்கு உரிமையில்லை. அவன் ஊர் குடமலைப் பக்கத்தது. எம்மூர் தொண்டைநாட்டுப் பூவிருந்தவல்லியை அடுத்தது. எம்மூர்க்குத் தெற்கே அடையாறும், வடக்கே கூவமும் ஓடுகின்றன. மேற்கே செம்பரம்பாக்கத்துப் பேரேரி கிடக்கின்றது. நிலத்திற் பெரும்பகுதி இந்நாளில் வீட்டுமனையாகிவிட்டது. ஆயினும் மனைகளுக்கிடையே இன்னும் நெல் விளைக்கும் குடும்பங்கள் சில உள. என் தாய்மாமன் குடும்பம் அவற்றுள் ஒன்று. இரண்டு காணி நிலம். இக்கால அளவிற் சொன்னால் இரண்டேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் நெற்போகம் மூன்று. சித்திரையை ஒட்டி விதைப்பது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது சம்பா. மார்கழி, தையில் நட்டுப் பங்குனி, சித்திரையில் அறுப்பது நவரை. குறுவை என்னும் பெயரைத் தஞ்சைப் பக்கத்தார் வழங்குமாறு, சொர்ணவாரி என்பதை எம் பக்கத்தார் வழங்குகின்றனர். இம்மூன்றனுள் கூதிர்மழையில் நனைந்து வளர்வது சம்பாவே. சென்னையைச் சூழ்ந்த பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதனுள் பத்தில் ஆறு பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அப்பருவம் பெரும்பாலும் அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கும். ஆண்டின் மழையிற் பாதிக்கு மேற்பட்டது மூன்றே திங்களில், அதுவும் சில நாள்களில் ஒருங்கே கொட்டித் தீர்கின்றது என்பதை மனத்திற்கொண்டால், எம்பக்கத்து உழவனின் கவலை இன்னதென்பது விளங்கும். சித்திரையில் அவன் நீர் வருமோ என்று அஞ்சுகின்றான். ஐப்பசியில் நீர் போகுமோ என்று அஞ்சுகின்றான். திருக்குறளின் உழவு அதிகாரம் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் மேல் என்று கூறுவதன் உண்மையை யான் ஏட்டிற் கற்றதினும் என் மாமன் வரப்பிற் கற்றதே மிகுதி.

நெல் நீரில் நிற்கும் பயிராயிற்றே, அதற்கு நீர் தீங்கு செய்யுமோ என்று நகரத்து நண்பர் வினவுவர். நெல்லின் வேருக்குத் தண்டின் உள்ளிருக்கும் நுண்ணிய புழைகளின் வழியே காற்று இறங்குகின்றது. அதனாலேயே அது சேற்றில் வாழ்கின்றது. ஓரங்குலம் முதல் இரண்டங்குலம் வரை நீர் நிற்பின் களை அடங்கும், பயிர் செழிக்கும். நீர் உயர்ந்து இலைநுனியும் மூழ்குமாயின் காற்று இறங்கும் வழி அடைபடுகின்றது. கலங்கல் நீரில் வெயிலும் உட்புகாது. அப்போது சாதாரண நெற்பயிர் ஒரு தவறு செய்கின்றது. நீர்மட்டத்திற்கு மேலே தலை நீட்டிவிடலாம் என்னும் முயற்சியால் தன்னுள் சேர்த்துவைத்த மாவுப்பொருள் முழுவதையுஞ் செலவிட்டு விரைந்து நீள்கின்றது. நீளும் நீளமெல்லாம் வலுவற்ற நீளம். ஒரு கிழமைக்குப் பின் நீர் வடிந்தால் பயிர் நிமிர்ந்து நில்லாது, படுத்து அழுகிவிடும்.

இதனை யான் கண்ணாரக் கண்டது 2021ஆம் ஆண்டு நவம்பரில். அத்திங்களிற் சென்னையில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மாமன் வயலின் கீழ்மடையிலிருந்து ஒரு வடிகால் கிழக்கு நோக்கிச் செல்லும். அஃது எவர் வெட்டியதென்று எவருக்குந் தெரியாத பழங்கால். மழைக்கு முந்திய கோடையிற் பக்கத்து நிலம் மனையாக மாறியபோது அக்காலின்மேல் மண் கொட்டப்பட்டது. அம்மண்ணின்மேல் ஒரு மதிற்சுவர் எழுந்தது. அச்சுவரைக் கட்டியவரைக் குறைகூற மாமன் அன்றும் விரும்பவில்லை, இன்றும் விரும்பவில்லை. "கோடையிலே காலைக் காட்டினால் எவர் கண்ணுக்கு அது கால் என்று தெரியும் தம்பி? பள்ளமென்றுதானே தூர்ப்பார்கள்," என்பதே அவர் சொல். தூர் கட்டி முடிந்து கதிர்க்கரு உருவாகும் நிலையில் இருந்த சம்பா ஒன்பது நாள் நீருள் மூழ்கிக் கிடந்தது. பத்தாம் நாள் நீர் வடிந்தபோது வயலில் எழுந்த நாற்றத்தை யான் மறக்கவியலாது. மேட்டுப்பக்கத்தில் எஞ்சியது கால் காணி.

ஆதலின் கூதிர்காலப் பயிர்க்காவலின் உயிர்நிலை வடிகால் என்பேன். உரமும் மருந்தும் அதற்குப் பிற்பட்டவை. புரட்டாசி இறுதிக்குள் வயலைச் சுற்றியுள்ள வடிகாலைத் தூர் வாரவேண்டும். தன் வயலளவில் நில்லாமல், கால் எவ்வெவர் நிலத்தின் வழியே சென்று எங்கே விழுகின்றதோ அவ்விடம் வரையில் நடந்து பார்க்கவேண்டும். மேலைவயல் நீர் தன் வயலுள் இறங்குமிடத்தையும், தன் நீர் கீழைவயலுள் இறங்குமிடத்தையும் அண்டை உழவரோடு பேசி முன்னரே முடிவு செய்யவேண்டும். நள்ளிரவில் மழைக்கிடையே மண்வெட்டியும் கையுமாக வரப்பிற் பேசத் தொடங்கினால் பேச்சு வேறாகிவிடும். பெருமழை வருமென வானிலை நிலையத்தார் அறிவித்தால், வயலில் நிற்கும் நீரை முன்கூட்டியே இறக்கிவிடல் நன்று. வெறும் வயல் முதல் இரண்டங்குல மழையைத் தானே தாங்கிக்கொள்ளும். பொதுவாகவே தூர் கட்டும் பருவத்தில் இடையிடையே நீரை வடித்து மண்ணிற் காற்றுப் புகவிட்டால் தூர் பெருகும் என்பது வழக்கில் அறிந்த உண்மை.

எவ்வளவு காத்தாலும் மூழ்கும் பள்ளவயல்கள் சில உள. அவற்றிற்கு அறிவியல் ஓர் உதவி செய்துள்ளது. அதன் வரலாறு சுவையானது. ஒடிசாவில் வெள்ளம் நிற்கும் வயல்களில் விளைந்த பழைய நெல்லொன்று இரண்டு கிழமை மூழ்கியும் மீண்டு தழைத்தது. எஃப்.ஆர். 13 ஏ என்று பெயரிடப்பட்ட அந்நெல், மூழ்கியவுடன் ஏனைய நெல்லைப்போல் நீள முயலாது. வளர்ச்சியை நிறுத்தி, சேமித்ததைச் செலவிடாது, அடங்கிக் கிடக்கும். அவ்வியல்பைத் தரும் மரபுக்கூற்றைக் கண்டறிந்த செய்தி 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. சப்-1 என்னும் அக்கூற்றைக் கலப்பினால் நம் நாட்டில் வழங்கும் நெல்வகைகளிற் சேர்த்தனர். 'சுவர்ணா சப்-1' 2009இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சம்பாவுக்குப் பழகிய சி.ஆர். 1009 என்னும் நெல்லிலும் அக்கூறு சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் இவ்வகைகளை நம்பி வடிகாலை மறத்தல் கூடாது. இவை இளம்பருவத்தில் மூழ்குதலைத் தாங்குமேயன்றிப் பூக்கும் பருவத்தில் தாங்கா. சி.ஆர். 1009 ஐந்து திங்களுக்கு மேற்பட்ட நெடும்பயிர் ஆதலின் நவரைக்கு நிலம் ஒழிவதும் தாமதிக்கும்.

நெல்வகை பற்றிப் பேசும்போது எம்பக்கத்துப் பெருமையொன்றைச் சொல்லாது விட மனம் வரவில்லை. மாங்காட்டிற்கு வடமேற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உளது. அங்குத் தோன்றிய நெல்வகைகளுக்குத் திரூர்க்குப்பம் என்னும் பெயரின் சுருக்கமாக டி.கே.எம். என்று பெயர் வைப்பர். 1952இல் வெளிவந்த டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கவல்லது என்பது கண்டு, பிலிப்பைன்சு நாட்டு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தாயாதியாகக் கொண்டு கலப்புச் செய்தனர். 1969இல் வெளிவந்து தமிழ்நாடெங்கும் பரவிய ஐ.ஆர். 20 அக்கலப்பின் பயனே. கடல் கடந்து வந்த நெல்லென்று எண்ணி நம் முன்னோர் விதைத்ததன் ஒரு பாதி திரூர் வயலினின்றே சென்றது. அந்நிலையத்தில் தோன்றிய டி.கே.எம். 13 என்னும் சன்னநெல் இப்போது சம்பாவுக்கு ஏற்றது; 130 நாளில் விளைவது.

நிற்க. நீர் வடிந்தபின் உழவர் பலரும் செய்யும் பிழை, பயிர் வெளிறிக் கிடக்கின்றதே என்று அன்றே யூரியாவை அள்ளி வீசுதல். வேர் இன்னும் மூச்சுத் திணறிக் கிடக்கின்றது, அதனால் உண்ணவியலாது. இட்ட உரம் அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படும். எஞ்சியது சேற்றிற் காற்றாக மாறிப் போய்விடும். புதிய குருத்து இலை தலைகாட்டும் வரையில் பொறுத்திருத்தல் வேண்டும். அதன்பின் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு என்று கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து, நீர் குறைவாக நிற்கும் வயலில் இடவேண்டும். வேப்பம்புண்ணாக்கு யூரியா விரைவிற் கரைந்து வீணாவதைத் தடுக்கும். வேர் வழியே ஊட்ட இயலாத நிலையில் இலை வழியே ஊட்டலாம்: 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் கரைத்துத் தெளித்தால் மஞ்சள் நிறம் மாறுவதைச் சில நாள்களிற் காணலாம். மூட்டைக் கணக்கில் உரமிடும் முதியோர்க்கு ஒரு சிறு எச்சரிக்கை: யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோ அன்று, 45 கிலோவே.

மழைக்காலத்தில் உரத்தின் தேவையை அறிதற்கு இலைவண்ண அட்டை என்றொரு கருவி உளது. இளம்பச்சை தொடங்கிக் கரும்பச்சை ஈறாக நிறப்பட்டைகள் வரிசையாக அமைந்த சிறு அட்டை அது. காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள், வயலில் பத்து இடங்களில், முழுதும் விரிந்த இலைகளுள் இளையதைத் தேர்ந்து அட்டையின்மேல் வைத்து ஒப்பிடல் வேண்டும். பெரும்பாலான நெல்வகைகளுக்கு நான்காம் பட்டையே எல்லை. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பட்டை. பத்தில் ஐந்து இலைக்கு மேல் எல்லைக்குக் கீழே வெளிறியிருந்தாலன்றித் தழைச்சத்து இடவேண்டா. அட்டையில் வெயில் படலாகாது. உழவன் தன் உடலின் நிழலிலேயே அதனைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். முதன்முறை யான் பார்த்தபோது வெயிலிற் பிடித்து எல்லா இலையும் வெளிறியதாகக் கூறி மாமனால் நகைக்கப்பட்டேன்.

தழைச்சத்தில் இவ்வளவு சிக்கனம் எதற்கென்றால், கூதிர்காலத்து நோய்க்கும் பூச்சிக்கும் அதுவே அழைப்போலை. மேகமூட்டமும், இரவுக் குளிரும், விடியற்பனியும் சேர்ந்த நாள்களில் குலைநோய் எழும். இலையில் இருமுனையும் கூர்ந்து நடுவே சாம்பல் நிறமான கண்வடிவப் புள்ளிகள் அதன் அடையாளம். கரும்பச்சையாகக் கொழுத்த பயிரையே அது முதலிற் பற்றும். கதிர் வந்தபின் கழுத்தைப் பற்றினாலோ கதிர் ஒடிந்து பதராகும். விதைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்திருந்தால் கவலை குறையும். புயற்காற்றில் இலைகள் உரசிக் கிழிந்தபின் வருவது பாக்டீரியா இலைக்கருகல். இலையோரம் நெளிநெளியாக மஞ்சளித்துக் காயும். இந்நோய் நீரின் வழியே வயலுக்கு வயல் செல்வது. நோயுற்ற வயலின் நீரை மற்றவன் வயலில் இறக்குதல் பகைவனும் செய்யத்தகாதது. புதிய பசுஞ்சாணத்தை ஐந்தில் ஒரு பங்காக நீரிற் கரைத்து வடிகட்டித் தெளித்தல் இதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தாராலும் பரிந்துரைக்கப்படும் எளிய முறை.

புகையான் என்பது தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டங்கூட்டமாக இருந்து சாறுறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி. வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகவே தோன்றும். உள்ளே இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தாலன்றித் தெரியாது. தெரியும் நாளில் வட்டவட்டமாகப் பயிர் புகைந்ததுபோல் காய்ந்திருக்கும். அதனாற் பெற்ற பெயரே புகையான். இதற்கும் முதல் மருந்து நீரை வடித்தல்தான். நடும்போதே எட்டடிக்கு ஒன்றாக ஓரடி இடைவெளி விட்டிருப்பின் காற்றும் வெயிலும் தூரிற் புகுந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கும். கண்ட மருந்தைக் கண்டபடி தெளித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகள் முதலில் மடியும். எலிக்கு வரப்பைக் குறுக்கிக் கட்டலும், ஆந்தை அமரக் குச்சி நாட்டலும், கிட்டி வைத்தலும் போதும். ஊரில் எலி பிடித்த இருளர் குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டமையால் மாமன் வயலில் எலி இப்போது மிகுதி.

இனி ஏரி. நவரைக்கு வேண்டிய நீர் கூதிரில் ஏரியிற் சேர்வது. அதனால் ஐப்பசியில் வயலில் நீரை வெளியேற்றும் அதே உழவன் ஏரியில் நீரைத் தேக்கவும் வேண்டியவனாகின்றான். கரையில் உள்ள எலி வளையையும் நண்டு வளையையும் மழைக்கு முன்னரே அடைத்தல், மதகின் அடைப்பலகையைச் சரிபார்த்தல், மிகுநீர் வழியும் கலங்கலின் முன்னுள்ள முட்புதரை வெட்டல் ஆகியவை ஊர் கூடிச் செய்யும் வேலைகள். காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, ஏரியைக் கண்காணிக்க ஏரி வாரியம் என்றே தனிக்குழு இருந்ததைக் காட்டுகின்றன. ஊரார் தம் உழைப்பால் ஏரி காக்கும் குடிமராமத்து வழக்கத்தைக் காப்பாற்றுதற்கு 1858இற் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே இயற்றவேண்டியிருந்தது. வழக்கம் தளர்ந்தபின் சட்டம் பிறந்தது போலும். 2017இல் தமிழ்நாட்டு அரசு அப்பெயரிலேயே திட்டமொன்றைத் தொடங்கிற்று.

செம்பரம்பாக்கத்து ஏரி இவற்றிற்கெல்லாம் மேற்பட்டது. அதன் முழுமட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முன்னாளில் வயல்களுக்கு ஊட்டிய அந்நீர் இந்நாளிற் பெரும்பாலும் சென்னை மாநகரின் குடிநீராகின்றது. 2015 டிசம்பர் முதல்நாள் அங்கிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் விடப்பட்டதும், அதனால் நகரம் பட்ட பாடும் யாவரும் அறிந்தவை. நீர் போகும் வழியை அடைத்தவர் பலர். வழி தெரியாது வீடு புகுந்த நீரைப் பழித்தவரும் அவரே.

பயிர்க்காப்பீடு உளதே, இழப்பை அஃது ஈடுசெய்யாதோ என்று கேட்கலாம். 2016இல் நடைமுறைக்கு வந்த பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவன் கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. சிட்டாவும் அடங்கலும் வங்கிப் புத்தகமும் கொண்டு குறித்த நாளுக்குள் பதிவு செய்தல் அவசியம். ஆனால் விளைச்சல் இழப்பு பெரும்பாலும் ஊரளவில் பயிர்வெட்டுச் சோதனையால் அளக்கப்படுகின்றது. சோதனைக்கு எடுத்த வயல்கள் நன்கு விளைந்திருந்து, வடிகால் அடைபட்ட ஒருவன் வயல் மட்டும் அழுகியிருந்தால் கணக்கில் அவ்வூர்க்கு இழப்பில்லை. 2021இல் மாமனுக்கு நேர்ந்தது இஃதே. காப்பீடு ஊர் முழுவதும் மூழ்கும் பேரிடருக்கு. சுவரொன்றால் நேரும் இடருக்கு அன்று.

அடுத்த ஆண்டு ஆவணியில், மாமனும் கீழைவயல்காரர் இருவரும் மதில் கட்டியவர் வீட்டிற்குச் சென்றனர். வழக்கைப் பற்றி எவரும் பேசவில்லை. பழைய கால் சென்ற தடத்தைக் கயிறு பிடித்துக் காட்டினர். மழைநீர் அச்சுவரடியிலேயே தேங்கி அவர் வாசலிலும் நான்கு நாள் நின்றதை அவரே நினைவுகூர்ந்தார். சுவருக்கு அடியில் இரண்டடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் பதிப்பதென்றும், குழாயின் விலை அவருடையது, மண்வேலை உழவருடையது என்றும் முடிவாயிற்று. சென்ற ஐப்பசியில் மூன்று நாள் விடாது மழை பெய்தபோது மாமன் வயல்நீர் ஒன்றரை நாளில் இறங்கிவிட்டது. குழாயின் வாயில் மட்டும் பிளாஸ்டிக் பைகள் வந்து அடைகின்றன. மழை வலுக்கும் இரவுகளில் மாமன் கைவிளக்கும் நீண்ட கழியும் கொண்டு அங்கே போய் நிற்பார். விடுமுறைக்கு யான் ஊரில் இருந்தால் விளக்குப் பிடிப்பது என் வேலை.